அரசிக்குத் தெரியும்

அத்தியாயம் பதினொன்று

"எத்தனை ராத்திரிம்மா?"

"கொஞ்சம்தான் கண்ணு."

"விரல்ல காட்டு."

"விரல் பத்தாதுடி."

"அப்பா விரலையும் சேர்த்துக்கோ."

"அதுவும் பத்தாது. சரி, இது என்ன வேஷம்? ஜூன் மாசத்துல யாராவது பனி பூட்ஸ் போடுவாங்களா?"

"சும்மா. போட்டுப் பாத்தேன்."

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், பெர்கன் நகரத்து மலைச்சரிவில் இருக்கும் மஞ்சள் வீட்டின் வாசற்கதவருகே நடந்த பேச்சு இது. தோராவுக்கு அப்போது ஆறு வயது. வரப்போகும் பனிக்காலத்துக்கென்று அம்மா யூருன் இரண்டு அளவு பெரிதாக வாங்கிவைத்த பூட்ஸுக்குள் முழங்கால் வரை மூழ்கி நின்றாள். இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் விமான நிலையத்துக்குப் போகும் வண்டி கீழே ஹாரன் அடித்துவிட்டது.

திறந்த வாய் மூடிக்கொண்டது. யூருன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

குழந்தை என்ன கேட்க வந்தது? 'போகாதே' என்றுதான் இருக்கும் என்று யூருன் அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள். வேறென்ன இருக்கப்போகிறது?

இப்போது பத்தொன்பதாவது முறையாகப் பெட்டி கட்டியாகிவிட்டது. வடதுருவக் கடலின் நடுவே கரடித் தீவு. அதில் ஒரு வானிலை நிலையம். அதில் ஒன்பது பேர். குடும்பத்துக்கு அங்கே இடமில்லை. ஆறு மாசம் அங்கே, ஆறு மாசம் வீட்டில். தினம் இரண்டு முறை பலூன் விட வேண்டும். அது சொல்லும் காற்றை நம்பித்தான் மீன்பிடிப் படகுகள் கிளம்பும். இந்த முறை யூருன்தான் நிலையத் தலைவி. திங்கட்கிழமை பயணம்.

இந்த நேரம் பார்த்துத்தான் மகள் எழுதிய பச்சை அட்டைப் புத்தகம் அவள் கையில் அகப்பட்டது. போன வாரம் அதைப் படித்து முடித்துவிட்டு, ஆறிப்போன காப்பிக்கு முன்னால் அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாளே, அதே புத்தகம்தான்.

மூடுபனி நாடு என்பது ஐந்து எழுத்தாளர்கள் கூடி முப்பது வருஷமாக எழுதிவரும் கதை உலகம். மாறி மாறி எழுதியதில் முப்பத்தொரு புத்தகம் ஆகிவிட்டது; எல்லாருக்கும் ஒரே நாடு, ஒரே அரசி. அணைந்துபோன வடக்கு விளக்கை ஏற்ற, அரசி ரக்னா பனிப்பள்ளத்துக்குள் இறங்குகிறாள். ஒன்பது ராத்திரி தங்குகிறாள். ஏறி வந்து பார்த்தால் வெளியே ஒன்பது வருஷம் ஓடிவிட்டிருக்கிறது. ஆறு வயதில் விட்டுப்போன மகள் இல்வாவுக்குப் பதினைந்து.

பள்ளத்துக்குள் காலம் அப்படி நொண்டும் என்று அரசிக்கு முன்கூட்டியே தெரியுமா, தெரியாதா? எழுதிய ஐந்து பேரும் வாய் திறக்கவில்லை. வாசகர்கள்தான் இரண்டு கட்சியாகப் பிரிந்து இருபது வருஷமாக முட்டிக்கொள்கிறார்கள்.

தோராவின் புத்தகத்துக்குத் தலைப்பு: 'அரசிக்குத் தெரியும். ஆகவே அரசி குற்றவாளி.'

யூருன் யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்தப் புத்தகத்தை விவாதிக்கப்போகும் வாசகர் கூட்டத்தின் பட்டியலில், மறுத்துப் பேசுகிறவர் என்ற இடத்தில், தன் பெயரை எழுதி அனுப்பிவிட்டாள்.

*

சனிக்கிழமை காலை சமையலறை முழுக்க ஏலக்காய் வாசனை. யூருனின் கணவன் ஹோக்கன் வாஃபிள் அப்பத்துக்கு மாவு கலக்கிக்கொண்டிருந்தான். வாரநாளில் பள்ளிப் பேருந்து ஓட்டுவான். கூட்டம் நடக்கும் நாளில் வாஃபிள் சுடுவான். மூடுபனி நாட்டுப் புத்தகங்களை வீட்டுக்குள் கொண்டுவந்தவனே அவன்தான். அம்மா இல்லாத ராத்திரிகளில் மகளுக்கு அவற்றைத்தான் படித்துக் காட்டினான்.

வாஃபிள் சுடும் இரும்பு அச்சை எடுத்துப் போகத் தோரா வந்திருந்தாள். இருபத்துநாலு வயது. துறைமுகத்துப் பக்கம் ஓர் உணவகத்தில் சமையல்காரி. வந்ததிலிருந்து அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. வெங்காயத்தாளை எடுத்து வெட்டத் தொடங்கினாள். வெட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

யூருனின் போன் அடித்தது. வானிலைத் துறையின் ட்ரொம்ஸோ அலுவலகம். இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு வைத்தாள்.

"என்னவாம்?" என்றான் ஹோக்கன்.

"சமையல்காரர் வரலையாம். முதுகு பிடிச்சுக்கிச்சாம். திங்கட்கிழமைக்குள்ள வேற ஆள் கிடைக்கலைன்னா, ஆறு மாசத்துக்கு டப்பா மீன் உருண்டைதான்."

"ஒன்பது பேருக்கும் நீயே சமைச்சுப் போடேன்."

"என் கையால சாப்பிட்டா மூணாம் நாள் நீந்தியாவது ஊர் போய்ச் சேர்ந்துடுவாங்க."

ஹோக்கன் சிரித்தான். கத்திச் சத்தம் நின்றிருந்தது. யூருன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் மறுபடி தொடங்கிவிட்டது.

"தோரா, இன்னிக்குக் கூட்டம் எத்தனை மணிக்கு?" என்று தெரியாதவள் போலக் கேட்டாள்.

"பன்னிரண்டுக்கு. உனக்கெதுக்கு யூருன்? பெட்டி கட்டற வேலை இல்லையா?"

மூன்று வருஷமாக அவள் அம்மா என்று கூப்பிடுவதில்லை. பெயர்தான். ஊரில் எத்தனையோ பிள்ளைகள் அப்படிக் கூப்பிடுகிறார்கள், பெரிய விஷயமில்லை என்று ஹோக்கன் சொல்வான். இவள் கூப்பிடும் விதம் அப்படியில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவது போல இருக்கும்.

"பெட்டி கட்டியாச்சு," என்றாள் யூருன். "அதுல நான் கெட்டிக்காரியாச்சே."

"தெரியும்," என்றாள் தோரா. வாஃபிள் இரும்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியேறினாள்.

ஹோக்கன் கரண்டியை வைத்தான். "நீ ஏதோ பண்ணப்போறே. உன் மூக்கு சொல்லுது."

"மாவு சொட்டுது பாரு," என்றாள் அவள்.

*

நூலகத்தின் மேல்மாடிக் கூடம். சுவரோரம் மாட்டிய மழைக்கோட்டுகள் சொட்டிக்கொண்டிருந்தன. எண்பது பேர் இருக்கும். மேஜை மேல் காப்பிக் குடுவைகள், பழுப்புப் பாலாடைக்கட்டி, ஸ்ட்ராபெர்ரி ஜாம். மூலையில் ஹோக்கனின் இரும்பு சீறிக்கொண்டிருந்தது.

மேடைக்குக் கீழே தெர்யே வழக்கம்போல ஆரம்பித்துவிட்டார். தாடிக்காரர். கையில் சுருட்டிய வரைபடம் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

"பள்ளத்துல ஆழம் போகப் போகக் காலம் மெதுவாகும். மூணாவது புத்தகத்துல பள்ளத்துக் காவலாளியோட தாடியை நான் அளந்திருக்கேன்."

"காகிதத்துல தாடியை எப்படி அளந்தே?" என்றாள் ஒரு பெண்.

"நீ சிரி. அரசி எடுத்துட்டுப் போன ரொட்டி நாலாம் ராத்திரியும் சூடா இருந்துச்சே, அதுக்கு என்ன சொல்றே?"

"எழுதினவருக்குப் பசி, வேறென்ன! அஞ்சு பேர் எழுதினா அஞ்சு கடிகாரம். அந்தக் கோட்டு மாதிரிதான் இதுவும். நடுக்கோடையில அம்மாவை வழியனுப்ப வந்த இல்வா கம்பளிக் கோட்டு போட்டுட்டு நிக்கறாளாம். எழுதினவர் எந்த மாசம்னே மறந்துட்டார்."

கூடம் சிரித்தது. அந்தக் கோட்டு இருபது வருஷத்து வேடிக்கை.

வெங்கே மணியடித்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை; இந்தக் கூட்டத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்தச் சின்ன மணிக்குப் பயப்படாதவர்கள் அங்கே இல்லை.

"விதி எல்லாருக்கும் ஞாபகம் இருக்கா? மறுக்கறவங்க மொதல்ல எதிராளியோட வாதத்தைச் சொந்த வார்த்தையில சொல்லணும். 'ஆமா, நான் சொன்னது இதுதான்'னு எதிராளி தலையசைக்கணும். அதுக்கப்புறம்தான் மறுப்பு. மூணு தடவை சொல்லலாம். நடுவுல 'ஆனா' வரக்கூடாது. மூணு தடவையும் தலை அசையலைன்னா மறுப்பு தள்ளுபடி. வாதம் ஏட்டுல ஏறிடும்."

தோரா மேடையேறினாள். குறிப்பு எதுவும் கையில் இல்லை. ஏழாவது புத்தகத்தில் அரண்மனைப் பெட்டி ஒன்று திறக்கப்படுகிறது. அதற்குள் அரசி மகளுக்காகப் பின்னிவைத்த ஒன்பது ஜோடிக் கையுறைகள். ஒவ்வொரு ஜோடியும் முந்தியதைவிட ஒரு சுற்றுப் பெரிது.

"ஒன்பது ராத்திரியில வந்துடுவேன்னு நெனச்சவ ஒரு ஜோடி பின்னியிருப்பா," என்றாள் தோரா. "இவ ஒன்பது பின்னுனா. கை எவ்வளவு வளரும்னு கணக்குப் போட்டுப் பின்னுனா. தெரிஞ்சேதான் போனா. தெரிஞ்சு போனவளுக்குக் 'காலம் ஏமாத்திடுச்சு'ன்னு அழ உரிமை கிடையாது."

கைதட்டல் கூரையை முட்டியது. வெங்கே பட்டியலைப் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"மறுக்கறவங்க... யூருன்."

மூலையில் ஹோக்கன் சுட்ட வாஃபிளைத் தட்டில் போடாமல் தரையில் போட்டான்.

யூருன் நடந்து வந்து மேடையடியில் மகளுக்கு எதிரே நின்றாள். தோராவின் கழுத்து சிவந்துவிட்டது.

"இது உன் இடம் இல்ல, யூருன்."

"பேர் குடுத்திருக்கேன். விதிப்படிதான் நிக்கறேன்."

"நீ எத்தனை புத்தகம் படிச்சிருக்கே?"

"முப்பத்தொண்ணும். அங்க ராத்திரி நீளம்."

யாரோ சிரித்தார்கள். வெங்கே மணியைத் தொட்டதும் அடங்கினார்கள்.

"முதல் தடவை," என்றார்.

யூருன் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "கையுறை ஒன்பது ஜோடி. வருஷத்துக்கு ஒண்ணு. கணக்கு தெரியாம அப்படிப் பின்ன முடியாது. ஆகவே அரசிக்குத் தெரியும்."

தோராவின் தலை அசையவில்லை. "அது என் ஆதாரம். என் வாதம் இல்ல."

"ரெண்டாவது," என்றார் வெங்கே.

"அரசிக்கு வேற வழி இருந்துச்சு. வேற யாரையாவது அனுப்பியிருக்கலாம். தானே போகணும்னு அவதான் முடிவு பண்ணினா. ஆனா, விளக்கு ஏத்தத் தெரிஞ்ச ஆள்..."

"ஆனா!" என்று எண்பது பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"பழக்கதோஷம்," என்றாள் தோரா. "அவளுக்கு எப்பவும் நடுவுல ஒரு ஆனா இருக்கும்."

யூருனுக்குக் காது சூடேறியது. திரும்பிப் போய்விடலாம். திங்கட்கிழமை விமானம். அதற்குப் பிறகு காற்றும் பலூனும் பனிக்கரடியின் கால்தடமும்தான். இங்கே ஏட்டில் 'குற்றவாளி' என்று எழுதிக்கொள்ளட்டும், யாருக்கு என்ன?

அவள் நகரவில்லை.

"மூணாவது," என்றாள் தானாகவே.

எண்பது பேரையும் மறந்துவிட்டு மகளை மட்டும் பார்த்தாள்.

"அவளுக்குக் கணக்கு தெரியும். உள்ள இருக்கறவங்களுக்கு நாள் ஓடிடும். காலையில ஒரு பலூன், சாயங்காலம் ஒரு பலூன்..."

"விளக்கு," என்றார் தெர்யே மெதுவாக.

"விளக்கு. வேலை செஞ்சுட்டே இருந்தா ஆறு மாசம் ஆறு நாள் மாதிரி. வெளியே நிக்கற சின்னப் பிள்ளைக்கு ஒரு நாள் ஒரு வருஷம். அது தெரிஞ்சேதான் போனா. ரெண்டு அளவு பெரிய பூட்ஸ் வாங்கி வச்சுட்டுப் போனா. பதினெட்டு தடவை போனா. பதினெட்டு ஆறு மாசத்தைக் கூட்டினா ஒன்பது வருஷம். பதினெட்டு அக்டோபர் மாசம், பதினெட்டுப் பிறந்தநாள், ஒண்ணுலயும் அவ இல்ல. வாசல்ல அழுதா, நிஜமாவே அழுதா. விமானம் மேல ஏறினதும் அழுகை நின்னுடும். அப்புறம் அவளுக்குச் சந்தோஷமா இருக்கும். அதை மட்டும் அவ யார்கிட்டயும் சொன்னதில்ல."

கூடத்தில் இரும்பின் சீற்றம் மட்டும் கேட்டது. கருகும் வாசனை வந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தோரா தலையசைத்தாள். ஒரே ஒரு முறை.

"தலை அசைஞ்சாச்சு," என்றார் வெங்கே. அவர் குரலும் இறங்கியிருந்தது. "இனி உங்க மறுப்பு."

"தெரியுங்கறதை நான் மறுக்கல," என்றாள் யூருன். "அவளுக்குத் தெரியும். நான் மறுக்கறது தலைப்புல இருக்கற கடைசி வார்த்தையை."

அவள் குரல் ஏறியது.

"எட்டாவது புத்தகத்துல அரசன் சண்டைக்குப் போறான். பன்னிரண்டு வருஷம் கழிச்சு வரான். ஊரே கொம்பு ஊதி விருந்து வைக்குது. அவனுக்குத் தெரியுமா தெரியாதான்னு இந்த இருபது வருஷத்துல ஒரு கூட்டம் போட்டிருக்கீங்களா? காவலாளி தாடியை அளந்தீங்க. அரசன் நெஞ்சை யாராவது அளந்தீங்களா?"

தெர்யே வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"விளக்கு எரிஞ்சதாலதான் படகுங்க கரைக்கு வந்துச்சு. அந்தப் படகுலயும் யாரோ ஒருத்தரோட அப்பா இருந்தாரு. ரக்னா பிள்ளையை நெனச்சு ஏங்கினா. வேலையையும் நேசிச்சா. ரெண்டும் நிஜம். மறுபடி விளக்கு அணைஞ்சா மறுபடியும் போவா. அதுக்காக மன்னிப்புக் கேக்க மாட்டா. கேட்டா அது பொய்."

முதலில் பின்வரிசையில் ஓர் அம்மாள் கைதட்டினாள். மீன் பதப்படுத்தும் ஆலையில் ராத்திரி வேலை பார்ப்பவள். பிறகு இன்னும் இரண்டு பேர். பாதிக் கூடம் தட்டவில்லை, கைகட்டி உட்கார்ந்திருந்தது.

மணி ஒலித்தது. "தோரா, உனக்கும் அதே விதிதான்."

தோரா ஒரே மூச்சில் பேசினாள்.

"போனது தப்பில்ல. போக ஆசைப்பட்டதும் தப்பில்ல. யாருக்காகவும் அவ வெக்கப்பட மாட்டா."

இந்த முறை தலையசைத்தது யூருன். கழுத்து வலிப்பது போல இருந்தது.

"அப்ப அந்த வார்த்தையை எடுத்துடறேன்," என்றாள் தோரா. "குற்றவாளி வேண்டாம். எழுதறப்பவே அது சரியா உக்காரல. அதுக்காக நான் சமாதானமாயிட்டேன்னு யாரும் நெனச்சுடாதீங்க. எனக்கு இன்னும் கோபம் இருக்கு. அது அவ போனதுக்கு இல்ல."

"பின்னே எதுக்கு?" என்றார் வெங்கே, விதியை மறந்து.

தோரா கீழே திரும்பினாள். "தெர்யே, அந்தக் கம்பளிக் கோட்டு. நடுக்கோடையில இல்வா ஏன் அதைப் போட்டுட்டு நின்னா?"

"எழுதினவர் மாசத்தை மறந்துட்டாருமா."

"அவர் மறக்கல. வெளியே கோடை. பள்ளத்துக்குள்ள எப்பவும் பனி. அவ உள்ள போறதுக்கான உடுப்பைப் போட்டுட்டு நின்னா."

தெர்யே மடியிலிருந்த வரைபடத்தைப் பிரிக்கத் தொடங்கினார்.

"நாம எல்லாரும் இருபது வருஷமா, வழியனுப்ப வந்த பிள்ளைன்னே படிச்சுட்டோம். அவ வழியனுப்ப வரல. பள்ளத்துக்குள்ள காலம் மெதுவா ஓடும்னா ஓடட்டுமே! ரெண்டு பேரும் சேர்ந்து இறங்கியிருந்தா ரெண்டு பேருக்கும் ஒன்பதே ராத்திரி. ஒரு நாள்கூட வித்தியாசம் வந்திருக்காது. காலம் நொண்டறது தனியா விட்டுட்டுப் போனவங்களுக்குத்தான். அரசிக்கு எல்லாம் தெரியும். அது மட்டும்தான் தெரியாது. திரும்பிப் பாத்தா. கோட்டைப் பாத்தா. 'இது என்ன வேஷம்'னு கேட்டா."

யூருனின் கை மேடையின் விளிம்பைப் பற்றியது.

ஜூன் மாசம். முழங்கால் வரை பூட்ஸ். திறந்து மூடிய வாய்.

சும்மா. போட்டுப் பாத்தேன்.

"நீ கேக்கவே இல்லையேடி," என்றாள்.

"வண்டி வந்துடுச்சு," என்றாள் தோரா. "அடுத்த வருஷம் கேக்கலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள அங்க குடும்பத்துக்கு இடமில்லைன்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் வளந்துட்டேன். வளந்தப்புறம் கேக்க ரோஷம் விடல. புத்தகம் எழுதினேன்."

வெங்கேயின் கையில் மணி இருந்தது. அவர் அதை அடிக்கவில்லை. மூலையில் ஹோக்கன் இரும்பை அணைத்துவிட்டு, ஏப்ரனில் கையைத் துடைத்தபடி நின்றான்.

தோரா மேடையிலிருந்து இறங்கி வந்தாள். அவள் கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. முகவாய் நிமிர்ந்திருந்தது, சண்டைக்கு வருகிறவளைப் போலத்தான் வந்தாள். அம்மாவுக்கு ஒரு முழம் முன்னால் நின்றாள்.

"காலையில போன் வந்துச்சுல்ல? ஒன்பது பேருக்குச் சமைக்க ஆள் வேணும்னு? எனக்குப் படிப்பு இருக்கு. ஆறு வருஷ அனுபவம் இருக்கு. பனி பூட்ஸும் இருக்கு, இப்ப சரியான அளவுல. மகள்னு பாத்து ஒரு சலுகையும் வேண்டாம்."

ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள். பதினெட்டு வருஷமாக உள்ளேயே கிடந்த மூச்சு அது.

"என்னையும் கூட்டிட்டுப் போம்மா."